அம்மா போட்ட டிக்

ஓவேலிப் பக்கம் பெட்டிக்கடையில் ஆரம்பித்தேன். அதை மளிகைக்கடை ஆக்கினேன். யானை இடித்துப் போட்ட சுவரை மறுபடியும் எழுப்பினேன். எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டடமும் கட்டிக் கொடுத்தேன். படித்தது நாலாங்கிளாஸ். என்னை யாரும் தூக்கிவிடவில்லை.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிய சமயம். கொழுந்து பறிப்பு மட்டும் நடந்தது; ஃபேக்டரி வேலை போன ஆம்பளைகள் திருப்பூருக்கு வேலை தேடிப் போனார்கள். அப்படிப் போன ஒருத்தனுடைய மகள், மூணாவது படிக்கிறவள், பக்கத்துப் பிள்ளைகளைக் கடிக்க ஆரம்பித்தாள். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். இதை விட்டால் அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. கமிட்டித் தலைவர் நான். கூடலூருக்கு வந்துபோகிற குழந்தை மனநல டாக்டரம்மா பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டேன்.

டாக்டரம்மா டீச்சருக்கு ஒரு தாள், அம்மாவுக்கு ஒரு தாள் கொடுத்தார். இரண்டிலும் ஒரே கேள்விகள்தான். பயப்படுகிறாளா, சண்டை போடுகிறாளா, தூக்கம் கெடுகிறதா. இல்லை, கொஞ்சம், நிச்சயமாக என்று மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். டீச்சர் எல்லாவற்றுக்கும் 'நிச்சயமாக'. கொழுந்து பறிக்கிற அம்மா எல்லாவற்றுக்கும் 'இல்லை'. இரண்டும் ஒரே பிள்ளை மாதிரி இல்லையே என்றார் டாக்டரம்மா. அம்மா பொய் சொல்கிறாள் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

எனக்கு விளங்கிவிட்டது. எஸ்டேட்டில் தாளும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் குறை ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார்கள். குறை எழுத்தில் ஏறினால் செக்ரோலில், அதுதான் எஸ்டேட் ஆள் கணக்குப் புத்தகத்தில், பேர் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். சிலோன் தோட்டங்களிலிருந்து இங்கே வந்த சனங்களோடு கூடவே வந்த பயம் அது. புதுத் தாளோடு நேராக எஸ்டேட் லைனில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா, பாப்பா ராத்திரி தூங்குதா?"

"தூங்குதுங்கண்ணே." என் கையைப் பார்த்து, "இந்தத் தாள் ஆபீசுக்குத்தானே போகும்?"

"போகாது. டாக்டரம்மா பையிலதான் இருக்கும். உன் பேரை வெட்டினா என் கடைக்கு வேலைக்கு வந்துரு."

"உங்ககிட்ட வேலை செய்யறதுக்குப் பேர் வெட்டுறதே தேவலை" என்று சிரித்தாள்.

அப்புறம்தான் சொன்னாள். அப்பன் பஸ் ஏறினதிலிருந்து பிள்ளை கதவோரம்தான் படுக்கிறாள், பாயை நனைக்கிறாள், இவள் கொழுந்துக்குக் கிளம்பினால் சேலையை விடுவதில்லை. நான் வாசிக்க வாசிக்க, அவளே டிக் போட்டாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு டிக்குக்கும் மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்தார். பயத்துக்கான கேள்விகளில்தான் எண் ஏறி நின்றது. அம்மாவும் போய்விடுவாள் என்று பிள்ளை பயந்திருக்கிறாள், அந்தப் பயத்தில்தான் கடிக்கிறாள் என்றார். டி.சி. பேச்சு நின்றது. கடிப்பது நிற்க மாசக்கணக்கு ஆனது, படிப்பு நிற்கவில்லை.

ஆண்டு விழாவில் டாக்டரம்மாவுக்குச் சால்வை, ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சால்வை. விழா மலரிலும் அவர்கள் இருவர்தான். டாக்டரம்மா கூட்டியது சரி. கூட்டுவதற்கு உண்மையான டிக் வாங்கிக் கொடுத்தது நான். அடுத்த மலரில் அதை அச்சில் போட வேண்டும். கமிட்டித் தலைவர் என்று பொதுவாகப் போட்டால் போதாது, என் பேரைப் போட வேண்டும்.