நடுவில் எழும்பிய சுவர்

அந்தத் தெருவில் அவருக்கு ரப்பர் அக்கா என்றுதான் பெயர். வீடியோ கேம் கன்ட்ரோலரில் ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு மெல்லிய ரப்பர் குமிழ் இருக்கும். பொத்தான் அமுங்கி எழும்புவது அதனால்தான். அந்தக் குமிழ்களை அச்சில் வார்த்துத் தரும் சின்னப் பட்டறையை அக்காவும் அவருடைய நாத்தனாரும் நடத்தினார்கள். வாங்கியது, வீடியோ கேம் ஆடும் கன்சோல்களைச் செய்யும் ஒரே ஒரு கம்பெனி.

போட்டிக் கம்பெனி திடீரென்று புது கன்சோலை மலிவாக இறக்கியது. இவர்களுடைய கம்பெனியும் விலையைக் குறைத்தது, சரக்கு தருகிறவர்களையும் குறைக்கச் சொன்னது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தார். அப்படியும் கடைகளில் கன்சோல் நகரவில்லை. மறுபடி சொல்லும்வரை எதுவும் அனுப்ப வேண்டாம் என்று போன் வந்தது. பட்டறையில் பெட்டிகள் ஜன்னலை மறைத்து ஏறின.

"மெஷினை வித்துடலாம் அண்ணி. சண்டை அவங்களுக்குள்ள, அடி மட்டும் நமக்கு," என்றாள் நாத்தனார்.

"ஜெயிக்கிறவங்களுக்கும் பொத்தான் வேணும்ல? கேட்டுப் பார்க்குறேன்."

போட்டிக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, அக்கா கொண்டுபோன குமிழ்களை அழுத்திப் பார்த்தார். பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க புது அச்சு ரகசியம். அவங்க ஆளுங்க வந்து போற இடத்துல வைக்க முடியாது. அவங்களை விட்டுட்டு வாங்க."

"நாளைக்கு நீங்க தோத்துட்டா நான் யார்கிட்ட போறது?"

"நாங்க தோக்க மாட்டோம்மா."

"போன வருஷம் அவங்களும் இதேதான் சார் சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "நடுவுல சுவர் எழுப்பிடுறேன். தனி வாசல், தனிப் பூட்டு. வந்து பாருங்க, பிடிக்கலைன்னா வேணாம்," என்றார்.

பழைய கம்பெனிக்கும் விஷயத்தை அவரே நேரில் போய்ச் சொன்னார். அங்கிருந்த மேலாளர், "ஆர்டர் குடுக்க முடியாத நான் எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார்.

சுவர் வர வேண்டிய இடத்தில் பெரிய மெஷின் நின்றது. பஸ் டிரைவரான அக்காவின் கணவர் லீவு போட்டு அதைத் தள்ள வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி வந்தபோது சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அதையும் அடைக்கச் சொன்னார். அடைத்தார்கள். புது அச்சில் முதலில் வந்த குமிழ்கள் விறைப்பாக இருந்தன. திரும்பி வந்தன. அக்கா சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வார்த்து வார்த்துப் பார்த்து, கடைசியில் தேற வைத்தார்.

இப்போது புதுப் பக்கத்தை அக்கா பார்க்கிறார். பழைய கம்பெனியும் மெல்லத் தலைதூக்க, அந்தப் பக்கம் நாத்தனாரின் பொறுப்பு. முன்பெல்லாம் சாப்பிடும்போது இருவருக்கும் பட்டறைப் பேச்சுதான். ஒருநாள் இருவரும் வாயே திறக்காததைப் பார்த்து அக்காவின் கணவர் கேட்டார்:

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லண்ணா. வேலையைப் பத்திப் பேச மாட்டோம்னு ரெண்டு கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

"அப்ப என் இடுப்பைப் பத்தியாவது பேசுங்க," என்றார் அவர்.