நாலு மாத மாத்திரைப் பணம்

சர்க்கரை மாத்திரைக்கு ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கட்டினால் விலை கம்மி என்றார் டவுன் மருந்துக்கடைக்காரர். கட்டினேன். ஒவ்வொரு மாதமும் மாத்திரை கொடுத்ததும் ரசீதிலேயே ஒரு கட்டத்தில் டிக் போடுவார். இரண்டு டிக்தான் விழுந்தது. அதற்குள் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கே கவர்மெண்ட் நர்ஸம்மா வந்து, பெயர் எழுதிக்கொண்டு, அதே மாத்திரையை இனி மாதாமாதம் இலவசம் என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. மீதி நாலு மாதப் பணம் திரும்பி வந்தால் என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி வாங்கலாம். மனுஷன் பத்து ரூபாயா, இருபது ரூபாயா என்று தெரியாமல் நோட்டைக் கண்ணோடு ஒட்டிப் பார்க்கிறார்.

"ரசீத எடுத்துட்டு வாங்கம்மா, தரேன். அது இல்லாம எத்தன மாசம் வாங்கனீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைக்காரர்.

வீட்டில் ரசீதைக் காணோம். கிரிவலப் பாதையில் எங்களுக்கு விபூதிக் கடை. பௌர்ணமிக்கு முன்னால் பழைய காகிதங்களில் பொட்டலம் மடிப்பது வீட்டுக்காரர் வேலை. கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"பழைய பேப்பர்னு நெனச்சு போன பௌர்ணமிக்கே மடிச்சுட்டேன்டி."

"கண்ணு என்னா அவிஞ்சா போச்சு!" என்று கத்திவிட்டேன். கத்திய வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கண்ணுக்காகத்தானே அலைகிறேன்.

மறுநாள் வெறுங்கையோடு போய் நின்றேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. சண்டைக்கு வாயைத் திறந்தபோதுதான் அவர் தலைக்கு மேலே சாமி படத்தைப் பார்த்தேன். அதன் கீழே ஒரு விபூதிப் பொட்டலம். அவர் பௌர்ணமிதோறும் கிரிவலம் வந்து எங்களிடம்தான் வாங்குவார். பொட்டலத்தின் ஓரத்தில் இந்த மருந்துக்கடையின் நீல முத்திரை.

"அண்ணே, அதப் பிரிங்க!"

பிரித்தார். அவருடைய கையெழுத்தேதான். இரண்டு டிக், நாலு காலிக் கட்டம்.

"சாமியே சாட்சிக்கு வந்துட்டாரும்மா!"

"சாமி எங்கண்ணே வந்தாரு? எங்க வீட்டுக்காரரு கண்ணு தெரியாம மடிச்சது வந்துச்சு."

சிந்திய விபூதியை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். நாலு மாதப் பணமும் என் கைக்கு வந்தது. பஸ்ஸில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். ஜெயிச்சேன், ஆமாம், ஜெயிச்சேன்!

அடுத்த பௌர்ணமிக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பொட்டலம் மடிக்க உட்கார்ந்தவர், ஒவ்வொரு காகிதத்தையும் சத்தமாகப் படித்தார். நடுவில் கேஸ் சிலிண்டர் ரசீது ஒன்று வந்தது. எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, உள்ள வை. சாமி ஒவ்வொரு வாட்டியும் சாட்சிக்கு வர மாட்டாரு."