எல்லாருமாகப் போன குடும்பம்

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு தொடரைப் பற்றி. ஒரு குடும்பம் விண்வெளியில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகச் சுற்றுகிறதாம். அந்தக் கப்பலையும் கிரகங்களையும் அவ்வளவு அழகாகக் காட்டாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்றாள் ஒருத்தி. கப்பல் கிடக்கிறது, அந்த அம்மாவும் பிள்ளைகளும் பேசிக்கொள்வதற்காகத்தான் நான் பார்க்கிறேன் என்றாள் மற்றவள். நானும் நடுவே நுழைந்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்துவிட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. கண் தெரியாத கிழவி என்று கண்டக்டர் பரிதாபப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கண் தெரியாததால் அல்ல, காது கேட்டதால்தான் தவறவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சண்டையை நாங்கள் அறுபது வருஷத்துக்கு முன்பே போட்டுவிட்டோம். திண்டுக்கல்லில், பேகம்பூரில், ஒரு வீட்டு முற்றத்தில்.

அப்போது நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்காட்டுப் பெண். முஸ்லிம்கள் நடத்திய ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். வந்த முதல் வாரம் தலைவலியோடு கிடந்தேன். தெருக்கோடியில் தோல் ஷாப். தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடை குடிக்கிற தண்ணீரில்கூட இருப்பதுபோலத் தோன்றும். கீழ் வீட்டுச் சபூரா அக்கா ஒரு தம்ளர் சுக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைத்து, "ஒரு மாசம் போகட்டும் டீச்சர். பெறகு ஊருக்குப் போனா அங்கதான் ஏதோ கொறையுற மாதிரி இருக்கும்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்கும் எங்காவது பாதையோரத்தில் ஆவாரஞ்செடியைக் கண்டால் கிள்ளி முகர்ந்து பார்க்கிறேன். பூவில் அந்த வாடை இல்லை.

சபூரா அக்காவுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குழந்தை இல்லை. கணவர் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து சில மாதத்தில் கப்பலேறிப் போனவர், அதற்கப்புறம் இரண்டு தடவைதான் வந்து போயிருந்தார். பணம் மட்டும் தவறாமல் வந்தது. வீட்டில் காது மந்தமான மாமியாரும், கணவரின் தம்பி ஜப்பாரும் இருந்தார்கள். ஜப்பார் அண்ணன் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்கிற ஆள். அவர் கழற்றிய கடிகாரம் ஒன்று நான் அந்த வீட்டில் இருந்தவரை கழன்றபடியே இருந்தது.

எங்களை ஒன்றாக உட்கார வைத்தது ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதை. ஆகாயக் குடித்தனம் என்று பெயர். ஒரு புரொபசர் தானே கட்டிய விண்கப்பலில் மனைவி கோமதியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமே என்று ஒரு பசுவும் ஏறுகிறது. வழி தவறிவிடுகிறது. அப்புறம் கிரகம் கிரகமாகக் குடித்தனம்தான். முதல் பாகம் முடிந்து, இரண்டாம் பாகம் முடிந்து, மூன்றாம் பாகமும் தொடங்கிவிட்டது. பத்திரிகை வியாழக்கிழமை வரும். எங்கள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து ஜப்பார் அண்ணன் வந்து சாப்பிட்டதும் நான் படிக்க ஆரம்பிப்பேன். சபூரா அக்காவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். என் பள்ளியில் அறிவியல் நடத்திய ராஜாமணி டீச்சரும் வந்துவிடுவார். அவர் வேடசந்தூர்க்காரர், பேச்சில் தயவுதாட்சண்யம் பார்க்காதவர்.

படிப்பது கொஞ்ச நேரம். சண்டைதான் சாயங்காலம் வரை. பசுவுக்குத் தீவனம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. கதையில் எதுவும் சொல்லவில்லை. ராஜாமணி டீச்சர், எழுதுகிறவருக்கு விஞ்ஞானமும் தெரியாது மாடும் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் கிரகங்களைப் பற்றி வரும் பத்து வரிக்காகத்தான் தான் வருவதாகச் சொல்வார். ஜப்பார் அண்ணனுக்குக் கப்பல் பழுதாக வேண்டும், புரொபசர் அதைக் கழற்ற வேண்டும். இது இரண்டும் இல்லாத வாரம் அவருக்கு வாரமே அல்ல. எனக்கு? 'தொடரும்' என்று போட்டிருக்குமே, அந்த இடம்தான். நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போது எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "ஏனுங்க, அந்தப் பையன் பொழச்சுக்குவானுங்களா" என்று கேட்டுவிட்டேன் ஒரு தடவை. யாரைப் பார்த்து ஏனுங்க என்கிறேன் என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சபூரா அக்கா அதிகம் பேச மாட்டார். உள்வாசலில் சாய்ந்து, கீரையோ அரிசியோ ஏதாவது ஒன்றை ஆய்ந்துகொண்டிருப்பார். ஒருநாள் ராஜாமணி டீச்சர் நேராகவே கேட்டார், உங்களுக்கு இதில் என்னதான் பிடிக்கிறது என்று. அக்கா கையை நிறுத்தாமல் சொன்னார்:

"எல்லாருமாத்தானே டீச்சர் போனாக. மாட்டைக்கூட விட்டுட்டுப் போகல."

அன்றைக்கு அதற்கு மேல் யாரும் சண்டை போடவில்லை.

மூன்றாம் பாகத்தின் நடுவில் கதாசிரியர் ஒரு காரியம் செய்தார். எரிபொருள் தீர்ந்துவிட, புரொபசர் சின்னக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக வேறொரு கிரகத்துக்குப் போனார். அந்த வாரம் படித்து முடித்ததும் சபூரா அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். செத்த நேரம் கழித்து வந்து, பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். ஆம்பளையை மட்டும் தனியாக அனுப்பக்கூடாது, இத்தனை நாள் அப்படியா கதை போயிற்று, சீக்கிரம் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவும் என்று எழுதினேன். வாசகர் பகுதியில் அதை வெட்டிச் சுருக்கிப் போட்டார்கள். கீழே ஆசிரியர் பதில், 'பொறுத்திருந்து பாருங்கள்.'

"பொறுத்திருந்து பாக்குறதுக்கு எனக்கு இவரு சொல்லித்தரணுமாக்கும்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பர்மாவிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. நம்மவர்கள் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது, ஜனங்கள் கட்டிய துணியோடு கப்பலேறுகிறார்கள் என்று. தெருவில் பல வீடுகளில் அழுகை. எங்கள் வீட்டில் மட்டும், வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஒரு சந்தோஷம். கடை போனால் போகட்டும், ஆள் வந்துவிடுவாரே. மாமியார் கட்டிலுக்குப் புதுக்கயிறு போடச் சொன்னார். கப்பல் வருகிறது என்று தெரிந்தபோதெல்லாம் ஜப்பார் அண்ணன் லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினார். ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு புது வேட்டியும் சட்டையும் மடித்துக் கொடுத்தனுப்புவார். அவர் மட்டும் திரும்பி வருவார். அடுத்த கப்பலில் வந்துவிடுவார் என்பார். அந்த வேட்டி சட்டையை அக்கா மறுபடி பெட்டிக்குள் வைப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் கதையும் அப்படியே நின்றது. புரொபசர் வரவில்லை. கோமதி தினமும் கப்பலின் சன்னல் அருகே உட்கார்ந்திருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி வேகமாகப் படித்துவிடுவேன்.

ஒருநாள் பள்ளி விட்டு வருகிறபோது ஜப்பார் அண்ணன் தெருமுனையில் காத்து நின்றார். ராஜாமணி டீச்சரும் கூட இருந்தார். துறைமுகத்தில் ஜப்பார் அண்ணன் ஆயக்குடிக்காரர் ஒருவரைப் பார்த்தாராம். ரங்கூனில் அவருடைய அண்ணன் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

"அண்ணன் வரமாட்டாரு டீச்சர். அங்க குடும்பம் இருக்கு. ரெண்டு புள்ளைக. கடையை எடுத்துக்கிட்ட பெறகும் அங்கேயே தங்கிட்டாராம்."

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றார் ராஜாமணி டீச்சர். அம்மா இருக்கிற வரைக்குமாவது வேண்டாம், மதினி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றார் ஜப்பார் அண்ணன். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் வாதாடினார்கள். முற்றத்தில் பசுவுக்காகப் போட்ட சண்டையைப் போல இல்லை அது. முடிவொன்றும் எட்டாமல் பிரிந்தோம். அடுத்த கப்பலுக்கும் ஜப்பார் அண்ணன் போய்வந்தார், அந்த வேட்டி சட்டையையும் எடுத்துக்கொண்டு.

அதற்கடுத்த வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. நின்றபடியே புரட்டினேன். புரொபசர் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதைப் படித்தேன். என்ன செய்வது? படிக்காமல் இருக்க ஒரு காரணம் தோன்றவில்லை. தாடியும் மீசையுமாக, அடையாளம் தெரியாமல் இளைத்து வருகிறார். பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கின்றன. ஜப்பார் அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்தேன். மாமியார் மட்டும், "வந்துட்டாரா?" என்று கேட்டார். கதையைத்தான் கேட்டார்.

சபூரா அக்கா நிமிர்ந்தார். "வந்த மனுசனப் பாத்து அந்தம்மா என்ன கேட்டாக? இன்னொருக்கா படிங்க."

"சாப்பிட்டீங்களான்னு கேக்கிறாங்க அக்கா."

"அதான் கேப்பாக. வேற என்னத்தக் கேக்க முடியும்?" என்றவர், ஜப்பார் அண்ணன் பக்கம் திரும்பாமலே, "இனிமே கப்பலுக்குப் போகவேணாம் தம்பி" என்றார்.

ஜப்பார் அண்ணன் யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. போன தடவ வந்திருந்தப்ப தூக்கத்துல ஒரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. பொம்பள பேரா இருந்தா எழுப்பிச் சண்ட போட்டிருப்பேன். புள்ளையக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு." முறத்தைத் தட்டிக் கீழே வைத்தார். "அந்தப் புள்ளைய விட்டுட்டு இங்க வந்திருந்தா, அதுவும் விட்டுட்டு வந்ததுதானே டீச்சர்."

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ராஜாமணி டீச்சர், எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர், எழுந்துபோய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜப்பார் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. செத்த நேரத்தில் எழுந்து சாயங்கால அசர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யப் போனார். அன்றைக்கு எல்லோருக்கும் அவர்தான் டீ போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளியும் கூடினோம். அக்காவே, "படிங்க" என்றார். ஆனால் புரொபசர் வந்த பிறகு கதையில் உயிர் இல்லை. அல்லது எங்களிடம் இல்லை. கப்பல் பழுதானால்கூட ஜப்பார் அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விஞ்ஞானம் எவ்வளவு தப்பாக வந்தாலும் ராஜாமணி டீச்சர் விட்டுவிட்டார். சண்டை இல்லாமல் ஒரு கதையைப் படிப்பது எவ்வளவு சோர்வான வேலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சில மாதத்தில் பத்திரிகையே நின்றுபோயிற்று. அந்தக் குடும்பம் பூமிக்குத் திரும்பியதா என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். மாமியார் காலமானதும் சபூரா அக்கா சித்தையன்கோட்டைக்கு, தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருஷங்கள் ஓடின. பேகம்பூருக்குப் போனது வெகுகாலம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக. ஜப்பார் அண்ணன் நரைத்துத் தளர்ந்திருந்தார், ஆனால் என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். அக்கா இறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது என்றார்.

"கடைசி வரைக்கும் அவுக அண்ணன் பேத்திகளுக்கு அந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக டீச்சர். அம்புட்டும் ஞாபகம். மூணாம் பாகம் மட்டும் வராது. புரொபசரத் தனியா அனுப்பவே மாட்டாக."

இப்போது ஜப்பார் அண்ணனும் இல்லை, ராஜாமணி டீச்சரும் இல்லை. அந்தப் பழைய வீட்டை இடித்து மேலே மேலே கட்டிவிட்டார்கள். தெருவில் வாடை எதுவும் இல்லை. அந்தப் பத்திரிகையைத் தேடி ஒரு நூலகத்தில் கேட்டேன், அப்படி ஒன்று வந்ததாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்று பாகத்தையும் கேட்டவர்களில் நான் ஒருத்தி மிச்சம். எனக்கும் பாதி மறந்துவிட்டது. மறந்த இடத்தைத் தப்பாகச் சொன்னால், அப்படியில்லை என்று சண்டைக்கு வர ஆள் இல்லை.