நாற்பது நிமிடம் உயிரோடிருந்தவள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் சாந்தமேரி. அப்பா ரபேலுக்கு சிக்னல் பிரிவில் வேலை. ரயில் வந்த நேரத்தைப் பதிவேட்டில் மாற்றி எழுதிய ஒருவரோடு அவர் சாகும்வரை பேசவில்லை. அந்த வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, சாந்தமேரிக்குப் பொய்யாக எழுதக் கை வராது. ஆனால் பேச வேண்டிய ஓர் இடத்தில் அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தக் கதைதான் இது.

2004ஆம் வருடம். கிள்ளானில் ஒரு தனியார் பிரசவ மருத்துவமனையில் அவள் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு. மார்ச் மாதம் ஒரு மத்தியானம் ஜெஞ்சாரோம் என்ற ஊரிலிருந்து ரமணி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வாரக் கர்ப்பம். ரத்த அழுத்தம் எகிறி, வரும் வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது. தாயைக் காப்பாற்ற வேறு வழியில்லை. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அறுநூறு கிராம்கூட இல்லை. நுரையீரல் வளரவில்லை, எந்த மெஷினில் வைத்தாலும் பிழைக்காது என்று ரமணியின் கணவன் சுகுமாறனிடம் டாக்டர் சொன்னார்.

ஆனாலும் அந்தக் குழந்தை மூச்சு விட்டது.

"தூக்கிக்கிறீங்களா அண்ணே?" என்று சாந்தமேரி கேட்டாள். சுகுமாறன் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். அவளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிள்ளையைத் துணியோடு தன் யூனிபார்முக்குள் நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். இரண்டு பத்துக்குப் பிறந்த குழந்தையின் மூச்சு இரண்டு ஐம்பதுக்கு நின்றது. இரண்டு நேரத்தையும் எழுதிவைத்தாள்.

சற்று நேரத்தில் சுகுமாறன் தன் தாய் வீரம்மாவோடு வந்தான்.

"மிஸ்ஸி, செத்துப் பொறந்துச்சுன்னு எழுதிருங்களேன். அவகிட்டயும் அப்படியே சொல்லிக்கிறோம். உசுரோட இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

"மூச்சு விட்ட பிள்ளைய விடலைன்னு எழுத முடியாது அண்ணே. பொறப்பையும் பதியணும், இறப்பையும் பதியணும். சட்டம் அப்படி."

டாக்டரும் அதையேதான் சொன்னார். வீரம்மா சாந்தமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேப்பர்ல என்னமோ எழுதிக்கம்மா. என் மருமக கேட்டா மட்டும் வாயத் தொறக்காத. இது எங்க குடும்ப விசயம் லா."

இரண்டு நாள் கழித்து ரமணிக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. பிள்ளை செத்தே பிறந்ததாகச் சொல்லிவிட்டு, சுகுமாறன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவள் கணவனைப் பார்க்காமல் சாந்தமேரியைப் பார்த்துக் கேட்டாள்.

"மிஸ்ஸி, பிள்ள அழுதுச்சா?"

சாந்தமேரி டிரிப்பைச் சரிசெய்தாள். "ரெஸ்ட் எடுங்கக்கா. பிரஷர் ஏறிரும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை என்று அன்றைக்கு அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இருபது வருடம் ஓடிவிட்டது. சாந்தமேரிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதே மருத்துவமனையில் லேபர் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆகிவிட்டாள். 2024இல் ஒரு காலை, ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண் பழுப்பு உறையோடு கவுண்டருக்கு வந்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டாள். சாந்தமேரிக்கு அடையாளம் தெரியவில்லை.

"உங்க சட்டையில இருந்த பேர நான் மறக்கல மிஸ்ஸி" என்றாள் ரமணி.

சுகுமாறன் மாரடைப்பில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுடைய அலமாரியை ஒழிக்கும்போது அந்த உறை கிடைத்திருக்கிறது. உள்ளே இரண்டு சான்றிதழ்கள். ஒன்று பிறப்புக்கு, ஒன்று இறப்புக்கு. இரண்டிலும் ஒரே தேதி.

"செத்துப் பொறந்த பிள்ளைக்கு எதுக்கு மிஸ்ஸி பொறப்புப் பத்திரம், சூராட் பெரானாக்? பேர் வேற போட்டிருக்கு. குமுதா. வயித்துல இருக்கும்போதே நான் நெனச்சு வெச்ச பேரு. அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பழைய கேஸ்களைப் பற்றி யார் கேட்டாலும் நிர்வாகத்திடம் அனுப்ப வேண்டும் என்பது மருத்துவமனை விதி. ஆனால் சாந்தமேரி ரமணியை ஆளில்லாத பாலூட்டும் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"ரெக்கார்ட் வேணும்னா எழுதிக் குடுக்கணும்கா, விண்ணப்பப் பாரம் நான் தரேன். ஆனா என் கண்ணால பாத்தத நானே சொல்லிடறேன். உங்க பிள்ள நாப்பது நிமிஷம் உயிரோட இருந்துச்சு. நான்தான் வெச்சிருந்தேன்."

ரமணி அழவில்லை. "யாரு மாதிரி இருந்தா?"

"அவ்ளோ சின்ன பிள்ளைல சாயல் தெரியாதுக்கா. உங்க மனசு ஆறணும்னு எதையாச்சும் சொன்னா அது இன்னொரு பொய்யாயிரும். கண்ணு தொறக்கல. செவந்த தோலு. நெத்தியில பூனமயிரு மாதிரி முடி. அழறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. என் வெரல் மேல கைய வெச்சிருந்துச்சு."

"குளிருச்சா அவளுக்கு?"

"இல்லக்கா. என் யூனிபாமுக்குள்ளதான் வெச்சிருந்தேன்."

ரமணி நிமிர்ந்து பார்த்தாள். "அழுதுச்சான்னு அன்னிக்கு உங்களத்தானே கேட்டேன்?"

"கேட்டீங்க. நான் சொல்லல. உங்க வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டாங்கன்றது உண்மைதான். ஆனா என் பேஷண்ட் நீங்கதான். தப்பு என்னோடது."

"பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தேன். மயக்கத்துல இருந்தா என்ன? கொண்டாந்து என் மேல போட்டிருக்கலாமே."

இத்தனை வருடத்தில் அது சாந்தமேரிக்குத் தோன்றவே இல்லை. ரமணி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்று மாலையே சாந்தமேரி நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தாள். இத்தனை வருடம் கழித்து எதற்கு இதைக் கிளறுகிறீர்கள் என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். ஆனாலும் மூன்று வாரத்தில் ரமணிக்குப் பதிவேட்டின் நகலும் ஒரு மன்னிப்புக் கடிதமும் போயின. வார்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாந்தமேரி தன் தவறை இளம் நர்ஸ்கள் முன்னால் ஒளிக்காமல் சொன்னாள். இனிமேல் இப்படிப் பிழைக்காத பிள்ளை பிறந்தால், பார்க்கிறீர்களா என்று தாயைத்தான் கேட்க வேண்டும், தாய் மயக்கத்தில் இருந்தால் பிள்ளையை அவள் நெஞ்சில் வைக்க வேண்டும், ஒரு படமும் கால் ரேகையும் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்றாள். சில குடும்பங்கள் சண்டைக்கு வந்தன. வீரம்மா மாதிரியே கையைப் பிடித்துக் கெஞ்சியவர்களும் உண்டு. அவர்கள் அழுது முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். ஆனால் இணங்கவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து ரமணி போன் செய்தாள்.

"அவளப் பொதைச்ச எடத்தக் கண்டுபிடிச்சிட்டேன். மாமியாரும் போய்ச் சேந்துட்டாங்க. அவளக் கையில வெச்சிருந்த ஆளுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. வரீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சாந்தமேரி போனாள். ஜெஞ்சாரோமில் செம்பனை மரங்களை ஒட்டிய சிறிய இடுகாடு. புதுக் கல்லில் குமுதா என்ற பெயரும் ஒரே ஒரு தேதியும் இருந்தன. ரமணி கற்பூரம் ஏற்றினாள். பிறகு புல்லில் உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க மிஸ்ஸி" என்றாள். சாந்தமேரி இரண்டு பத்திலிருந்து தொடங்கினாள். ரமணி நடுவில் நடுவில் நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மன்னித்துவிட்டதாக ரமணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாந்தமேரியும் அதைக் கேட்கவில்லை. வெயில் ஏறியதும் ரமணி அவளைக் காரில் கிள்ளான் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டாள். அடுத்த மார்ச்சில், கல்லில் இருந்த அதே தேதியில், சாந்தமேரி லீவு போட்டுவிட்டு மறுபடியும் ஜெஞ்சாரோம் போனாள்.