ஸ்பேனர்மேல் ஒரு சத்தியம்

எங்கள் மோட்டார் பட்டறைக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வாசல்வரை வந்தது, போயும் போயும் ஆயுத பூஜையன்று. லேத்து முதல் ஸ்பேனர் வரை சந்தனமும் குங்குமமும் பூசிச் சாமியாகியிருந்தன. மறுநாள் வரை எதையும் ஓட்டக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம்.

வந்தவர் நைஜீரியாக்காரர். திருப்பூரில் பனியன் வாங்கி அனுப்பியே கொங்குத் தமிழ் பழகியவர். ஊரில் அப்பாவின் மரவள்ளித் தோட்டத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போர்வெல் மோட்டார் வேண்டும். மாலையில் அவருக்கு விமானம்.

"ஓடறதப் பாக்காம எப்படிங்க வாங்கறது?" என்றார். நியாயம்தான். மனைவி பொரியும் சுண்டலும் கொடுத்தாளே தவிர, சுவிட்சைத் தொட விடவில்லை.

அவர் பொரியைக் கொறித்தபடி, மாலை போட்ட லேத்தைப் பார்த்துச் சிரித்தார். "எங்க யொருபா சனத்துக்கும் இரும்புக்குன்னு சாமி இருக்குதுங்க. ஓகுன். கொல்லர், டிரைவர் எல்லாருக்கும் அவருதான். இரும்ப நாக்குல தொட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணுனா இரும்பாலயே சாவுங்க. மோட்டார் எத்தன வருசம் ஓடும்னு சத்தியம் பண்ணுங்க, போதும்."

சத்தியம் வேலையல்ல, சாமி காரியம் என்று மனைவியே பெரிய ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

பட்டறையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற ஆள் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. "பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க" என்று ஆரம்பித்தான். ஸ்பேனர் உதட்டருகே வந்தது. "அஞ்சுன்னு வெச்சுக்குங்க." நாக்கை நீட்டினான், இழுத்துக்கொண்டான். அவன் தினமும் ஓட்டுகிற பைக்கும் இரும்புதானே. "வோல்டேஜ் ஒழுங்கா இருந்து, தண்ணியில்லாம ஓட்டாம இருந்தா… மூணுங்க." நக்கிவிட்டான். மீசையெல்லாம் குங்குமம்.

போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மனைவி ஸ்பேனரைப் பிடுங்கி விருந்தாளியிடம் நீட்டினாள். "ஏனுங்க, தண்ணியில்லாம ஓட்டமாட்டோம்னு நீங்களும் சத்தியம் பண்ணிப்போடுங்க."

வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "எங்கப்பா செல்போன்ல பேசிட்டே மோட்டார நிறுத்த மறந்துபோடுவாருங்க" என்றார் சன்னமாக.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது, பத்தை மூன்றாக்கிய அந்தச் சத்தியமே போதும் என்று ஆர்டர் கொடுத்திருந்தார். தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் பேனலையும் சேர்க்கச் சொன்னார்; அப்பாவைவிட அது நம்பிக்கையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் மச்சான் அளக்க ஆரம்பித்தால் மனைவி அந்த ஸ்பேனரை எடுத்து வந்து மேசைமேல் வைக்கிறாள்.