ஜீவோ ஒட்டுகிற கோவர்த்தனன்

ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து சட்டப் புத்தகம் கைக்கு வந்ததும் கோவர்த்தனன் முதலில் அதை மோந்து பார்ப்பார். பிறகுதான் பிரிப்பார். முட்டை வாடை அடித்தால் அந்தப் பள்ளியில் சத்துணவுச் சாமானும் ஆபீஸ் காகிதமும் ஒரே பீரோவில் இருக்கின்றன என்று அர்த்தம். வேர்க்கடலை சிக்கி வாசனை வந்தால், தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கு வந்த சிக்கியை மேஜைக்குள் பூட்டி வைக்கிறவர். எந்த வாசனையும் வராவிட்டால் புத்தகத்தை அங்கே யாருமே தொட்டதில்லை. "இன்னும் புச்சாவே கீது சார். உங்க ஸ்கூல்ல சட்டத்துக்கு வேலையே இல்ல போலக்கீது" என்று சொல்லிவிட்டு, தன் மூக்கையே ஒருமுறை தட்டிக்கொள்வார்.

சித்தூரில் கல்வி அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், எட்டடிக்குப் பத்தடி இடத்தில் அவருடைய கடை. வருகைப் பதிவேடு, சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ் புத்தகம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது வேறு வேலை. பள்ளிச் சட்டத்தில் ஒரு வரியை மாற்றி அரசு ஆணை போடும். ஊரில் எல்லோரும் அதை 'ஜீவோ' என்பார்கள். கோவர்த்தனன் அதைத் தெலுங்கிலிருந்து தமிழில் எழுதி, துண்டுத்தாளில் அச்சடித்து, புத்தகத்தில் பழைய வரியின் மேல் ஒட்டித் தருவார். தமிழ்வழிப் பள்ளிகளுக்கான சட்டத் தொகுப்பு தமிழில் ஒரே ஒரு முறைதான் அச்சானது. அதற்குப் பின் வந்த திருத்தமெல்லாம் அவர் ஒட்டியதுதான். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் முப்பத்துநான்கு பள்ளிக்கூடங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடக்கின்றன. தெலுங்கு ஆணையே போனில் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. ஆனால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்ததும் "புக்கு எங்க?" என்றுதான் கேட்கிறார்.

கோவர்த்தனன் இண்டர் இரண்டாம் வருஷக் கணக்கில், அதாவது பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில், மூன்று தடவை தோற்றவர். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். "ஸ்கூலு சட்டத்த ஒட்டறவன் ஸ்கூல்ல ஒட்டாதவன் சார். அத மட்டும் எந்த ஜீவோவும் மாத்தல" என்று சொல்லி அவரே முதலில் சிரிப்பார்.

இங்கே அவருடைய அக்கா ரத்தினம்மாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவருக்குக் கோபம் வரும். ரத்தினம்மா ஏழாவது வரைக்கும் படித்தவர். தம்பியின் கடைக்குப் பசை காய்ச்சுவதும் துண்டு வெட்டுவதும் அவர் பொறுப்பு. மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். பூச்சி அரிக்காது, பூசணம் பிடிக்காது, பிய்த்தாலும் வராது. துண்டை அவர் வெட்டும் அழகு தனி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் அரை விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வெட்டுவார். "சட்டம்னா ஒரு லட்சணம் வேணாமா?" என்பார். வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எங்க தம்பி கை படாம ஆந்திராவுல ஒரு சட்டமும் செல்லாது" என்று சொல்லிக்கொண்டு வருவார். ஒரு நிச்சயதார்த்தத்தில் தம்பியை 'லா டிபார்ட்மெண்ட்' என்று அறிமுகப்படுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் நிலத் தகராறு ஒன்றைக் கொண்டுவந்து கோவர்த்தனன் மடியில் வைத்தார்கள்.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, அந்த லட்சணத்தின் லட்சணம் தெரிந்தது. கல்பனா டீச்சர் கடைக்கு வந்தார். நகரிப் பக்கத்தில் ஒரு தமிழ்வழித் தொடக்கப்பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். ஏதோ பழைய திருத்தம் ஒன்று ஒட்ட வேண்டும் என்று புத்தகத்தைக் கொடுத்தார். முகம் வாடியிருந்தது.

"இதான் கடைசி ஒட்டு சார். பதினாறு பிள்ளைங்கதான் கீறாங்க, பக்கத்துலயே தெலுங்கு ஸ்கூலு கீது. அதோட சேர்த்துடலாம்னு ஆபீஸ்ல சம்மதம் கேட்டாங்க. புக்கப் பார்த்தேன். சேர்க்கலாம்னுதான் போட்டுக்கீது. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பசங்க?"

"மூணாவது பசங்க ரெண்டு பேரு, தெலுங்குல பேர் எழுதத் தெரியாது, நாங்க வரலன்றாங்க. அவங்க ஆத்தாமாருங்க எங்கூட பேசறதில்ல."

அரசு பள்ளிச் சட்டம் முழுவதையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. வரைவு வெளிவந்துவிட்டது. சனிக்கிழமை திருப்பதியில் கருத்துக் கேட்புக் கூட்டம். இணைக்கப்படும் பள்ளிகளின் பட்டியலும் அன்றைக்கே முடிவாகும் என்றார் டீச்சர்.

கோவர்த்தனனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒட்டிய பக்கத்தில் குமிழ் இருக்கிறதா என்று ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். பேச்சு ஓடும்போதே கை அந்த வேலையைச் செய்தது. பள்ளிகளை இணைக்கும் விதி இருந்த பக்கம் அது. 'பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் இணைக்கலாம்' என்று இருந்ததை 'இருபது' என்று மாற்றி ஆறு வருஷத்துக்கு முன் அவர் ஒட்டிய துண்டு. குமிழ் இல்லை. ஆனால் துண்டின் கீழே, அக்கா விட்ட வெள்ளை ஓரத்துக்கு அடியில், இரண்டு வரி எழுத்து நிழலாகத் தெரிந்தது.

அவர் அதை நகத்தால் சுரண்டினார். ஈரத்துணி வைத்தார். அது அக்காவின் பசை. அசையவில்லை. டீச்சரை உட்காரவைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு ஓடினார். ரத்தினம்மா அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றினார். ஆவி மேலே புத்தகத்தைப் பிடித்தபடி அக்காவும் தம்பியும் கால்மணி நேரம் நின்றார்கள். ஓரம் மெதுவாகச் சுருண்டு எழுந்தது. கோவர்த்தனன் வாய்விட்டுப் படித்தார்: "ஆயினும், அதே மொழியில் பாடம் நடக்கும் வேறு பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இல்லாவிடில், அப்பள்ளியை இணைத்தல் ஆகாது."

அடுத்த தமிழ்ப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்.

ரத்தினம்மா இட்லிப் பானையை மூடினார். "புக்கு அடிச்ச அச்சாபீஸ் தப்புன்னு சொல்லிடுடா" என்றார்.

"அச்சாபீஸ்காரர் செத்து பத்து வருசம் ஆவுதுக்கா. பாவம்."

"அதான் சொல்றேன். அவரு வந்து கேக்க மாட்டாரு."

"டீச்சர கேப்பாங்களே. படிக்காமயே கையெழுத்துப் போட்டன்னு மெமோ குடுப்பாங்க. அந்தம்மா கரெக்டாத்தான் படிச்சிக்கீது. நாமதான் மூடிட்டோம்."

'நாம' என்று சொன்னார். 'நீ' என்று சொல்லவில்லை. ரத்தினம்மா அதைக் கவனித்தார். கவனித்ததை இன்றுவரை தம்பியிடம் சொன்னதில்லை.

பயம் இல்லாமல் இல்லை. விஷயம் வெளியே போனால் முப்பத்துநான்கு பள்ளிகளும் இனி அவரிடம் புத்தகத்தைக் கொடுக்குமா? வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் யாரிடமும் ஜோக் அடிக்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் ஜுரமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் திருப்பதி பஸ் ஏறினார்கள். அன்றைக்கு மட்டும் ரத்தினம்மா பக்கத்து சீட்டுக்காரரிடம் எதுவும் பேசவில்லை. கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம். சங்கத் தலைவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார்கள். கோவர்த்தனன் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை, எல்லோருக்கும் சாப்பாட்டு ஞாபகம். மேடையில் இருந்த அதிகாரி நிதின், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், தெலுங்கில் கேட்டார்: "நீங்க எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்ல சார்" என்று கோவர்த்தனனும் தெலுங்கிலேயே சொன்னார். "பசை."

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "தப்பு நாதே சார்" என்று ஆரம்பித்தார். தப்பு என்னுடையதுதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒட்டியது, வெள்ளை ஓரம், இட்லிப் பானை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அக்காவின் பேரை மட்டும் சொல்லவில்லை. 'வீட்டுப் பசை' என்றார். கடைசி வரிசையில் இருந்த ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிதினுக்குத் தமிழ் படிக்க வராது. அந்த இரண்டு வரியைத் தெலுங்கில் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுப் புதிய வரைவைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். "இது இதுல இல்லையே" என்றார். பக்கத்திலிருந்தவர் குனிந்து சொன்னார்: "பழைய சட்டத்துல எந்த விதியெல்லாம் வேணும்னு பள்ளிகள்கிட்ட கேட்டோம் சார். இதை யாருமே கேக்கல."

கோவர்த்தனன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். தெரியாத வரியை எவர் கேட்பார்? "அவங்களுக்கு எப்படி சார் தெரியும்" என்றார். "அது மேலதான் நான் உக்காந்துக்கினு இருந்தேன்." இது தமிழில் வந்துவிட்டது. யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

எழுதிக் கொடுங்கள் என்றார் நிதின். ஒரு படிவம் தந்தார்கள். 'பதவி' என்ற கட்டத்தில் கோவர்த்தனன் கொஞ்சம் யோசித்து, 'ஒட்டுபவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் கல்பனா டீச்சரின் சம்மதக் கடிதம், பழைய விதிப்படி செல்லாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பதினாறு பிள்ளைகளும் அங்கேயேதான் படிக்கிறார்கள். புதிய சட்டத்தில் அந்த இரண்டு வரி வருமா என்று இதுவரை தெரியாது. கோவர்த்தனன் தினமும் காலையில் போனில் தேடுகிறார். "என் வாழ்க்கையில மொதல் தடவையா ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றேன். முன்னெல்லாம் தெரிஞ்சே இருக்கும்" என்கிறார்.

மீதி முப்பத்துமூன்று பள்ளிகளுக்கும் மொபெட்டில் போனார், ஒரு கெட்டிலும் பிளேடும் எடுத்துக்கொண்டு. ஒவ்வொரு இடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொன்னார். இரண்டு தலைமையாசிரியர்கள் திட்டினார்கள். ஒருவர் இனிமேல் புத்தகம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், தரவும் இல்லை. சத்தியவேடு பக்கம் செங்கல்வராயன் என்ற பெரியவர் மட்டும் அசரவில்லை. "அடியில எழுத்து கீதுன்னு எனக்கு அப்பவே தெரியும்பா" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சார் கேக்கல?"

"கவர்மெண்டே மறைச்சி வெச்சிக்கீதுன்னு நெனச்சேன். அவங்க மறைச்சத நாம போயி தொறக்கலாமா?"

கடைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது ரத்தினம்மா வெகுநேரம் சிரித்தார். அடுத்து என்ன தோன்றியதோ, அலமாரியில் இருந்த ஸ்கேலை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

போன வாரம் புதிதாக ஒரு ஜீவோ வந்தது. கழிப்பறைப் பராமரிப்பு பற்றியது. கல்பனா டீச்சர் புத்தகத்தோடு வந்து நின்றார். கோவர்த்தனன் அதை மோந்து பார்த்தார். சிக்கி வாசனை. மூக்கை ஒருமுறை தட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். ரத்தினம்மா துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தை ஒட்டி, ஓரமே இல்லாமல் வெட்டியிருந்தார். 'அ'வின் வால்கூடக் கொஞ்சம் போயிருந்தது. பசைக் கிண்ணத்தையும் நீட்டினார். கோவர்த்தனன் சுண்டுவிரல் நுனியில் மட்டும் தொட்டு, துண்டின் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து ஒட்டினார். காய்ந்ததும், ஒட்டாத பக்கத்தை ஜன்னல் கதவு மாதிரித் தூக்கி, அடியில் இருந்த பழைய வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். பிறகு மூடினார். மூடியதை டீச்சர் பக்கம் திருப்பி, இன்னொரு முறை தூக்கிக் காட்டினார்.