ஒன்பதாம் கூட்டுக்கு நேரே

குரங்கின் சிறுநீரில் இரத்தம் கண்டால் அன்றே வைத்தியர் வருகிறார். அதன் கூட்டைக் கழுவுகிறவளின் சிறுநீரில் கண்டால் யார் வருவார், சொல்லுங்கள் பார்ப்போம்?

கொட்டாஞ்சேனை இராமலெட்சுமிக்கு நாற்பத்தேழு வயது. வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வேலை செய்தாள். வெளிநாட்டுப் புழுவொன்றைக் குரங்குகளின் உடலில் ஏற்றி, சிறுநீர்ப்பையில் கட்டி வருகிறதா என்று அங்கே பார்த்தார்கள். புழுவின் குஞ்சுகள் நத்தைத் தொட்டியில் வளரும். அந்தத் தண்ணீர் பட்டாலே தோலைத் துளைத்து உள்ளே போகும். தொட்டியையும் குரங்குக் கூடுகளையும் கழுவியவள் இவள். கையுறை நிரந்தர ஊழியருக்கு மட்டும். இவள் ஒப்பந்தக்காரரின் ஆள்.

காலையில் கூட்டுத் தட்டுகளைப் பார்த்து, சிறுநீர் சிவந்திருந்தால் அட்டவணையில் அந்தக் கூட்டின் எண்ணுக்கு நேரே சிவப்புக் கோடு போடுவதும் அவள் வேலை.

தனக்கே சிவப்பாகப் போனபோது, கூட வேலை செய்த பஸீஹா உடம்புச் சூடு என்றாள். எட்டு மாதம் இளநீர் குடித்தும் நிற்கவில்லை. யாரிடம் சொல்வது? ஒன்பதாம் கூட்டுக் குரங்கு செத்து, கூடு வெறுமையாகக் கிடந்தது. அதற்கு நேரே நாலு நாள் கோடு போட்டாள்.

ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் ஸ்ரீஸ்கந்தராசா அட்டவணையோடு வந்தார்.

"ஒன்பதில குரங்கே இல்லை. ஆரின்ரை இரத்தத்தை இதில கீறினனீ?"

"என்னோடதுங்க ஐயா."

மாதவிலக்கு நிற்கிற வயதில் அப்படித்தான் என்று சொல்லி, கோடுகளை டிப்பெக்ஸ் பூசி மறைத்தார். படித்த மனிதர். இரத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்கா தெரியாது?

அடுத்த மாதம் அவளை நிறுத்தினார்கள். இப்போது சிறுநீர்ப்பையில் கட்டி. இந்தப் புழு நம் நாட்டில் இல்லை, அந்தத் தண்ணீரில் கைவைத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால்தான் மருந்தை வெளிநாட்டிலிருந்து கேட்கலாம் என்கிறது வைத்தியசாலை. அவள் தரை பெருக்கியவள், தொட்டி அறைக்குள் போனதேயில்லை என்கிறது ஆய்வுக்கூடம்.

சாட்சிக் கையொப்பம் கேட்டுப் பஸீஹாவிடம் போனாள். "வெச்சா என்னையும் நிப்பாட்டிருவாங்க லெட்சுமி," என்று அவள் அழுதாள். இன்று அந்தத் தொட்டியைக் கழுவுவது பஸீஹா. வெறுங்கையால்தான்.

வியாழக்கிழமை இராமலெட்சுமிக்குச் சத்திரசிகிச்சை. கட்டியை வெட்டலாம், புழு உள்ளேயே இருக்கும். மின்சார வேலைக்கோ காவலுக்கோ அந்தக் கட்டடத்துக்குள் போய், அவள் தொட்டியில் கைவிட்டதைக் கண்டவர் உங்களில் இருக்கக்கூடும். கண்டதை இரண்டு வரியில் எழுதிக் கையொப்பமிட்டு இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். புதனுக்குள் அனுப்புங்கள்.